அக்கா சாதம்

ஸ்ரீரங்கம்,
14-2-1963

டாக்டர் லூர்துராணி அவர்களுக்கு,

நமஸ்காரம். இன்று காலை முதல் வேலையாக ரயில்வே ஸ்டேஷனுக்குப் போய் எடை மெஷினில் ஏறி நின்றேன். வாசல் தெளிப்பதற்கும் முன்பே. நீங்கள் துறையூருக்கு மாற்றலாகிப் போகும்போது சொன்னபடிதான்: மாதம் ஒரு தரம், அதே மெஷின், வெறும் வயிறு. காசு போட்டதும் அட்டை விழுந்தது. நூற்று எண்பத்தாறு பவுண்டு. போன மாதத்தைவிட இரண்டு பவுண்டு கூட. அட்டையின் பின்பக்கம், 'உன் பெருந்தன்மையால் பிறர் பயனடைவர்' என்று அச்சடித்திருந்தது. யார் அந்தப் பிறர் என்று தெரியவில்லை.

நீங்கள் சொன்ன எதையும் நான் மீறவில்லை. காப்பிக்குச் சர்க்கரை கிடையாது. பகலில் ஒரு வேளைதான் சாதம், அதுவும் அளந்து. இரவில் கோதுமைக் கஞ்சி. கிழங்கு வகையைத் தொடுவதில்லை. நடக்கச் சொன்னீர்கள். எங்கள் தெருவில் ஒரு பெண்பிள்ளை காரணமில்லாமல் நடந்தால் கேள்வி வரும். அதனால் விடியலில் சித்திரை வீதி நான்கையும் பிரதட்சிணமாகச் சுற்றி வருகிறேன். எனக்குப் பக்தி முற்றிவிட்டதாக ஊரில் பேச்சு. எதிர்வீட்டு மாமி, "ஏண்டி வத்ஸலா, பெருமாள் உனக்குன்னு தனியா ஏதாவது சொன்னாரா?" என்று கேட்டாள். "உடம்பைக் குறைடின்னார் மாமி" என்றேன். அவள் அதையும் ஒரு தத்துவம் என்று நினைத்துக்கொண்டு போனாள்.

நீங்கள் கொடுத்த நீல மருந்தில் சிறுநீரைக் காய்ச்சிப் பார்த்தால் இன்னும் செங்கல் நிறம்தான் வருகிறது, சர்க்கரை இறங்கவே இல்லை. மாமியார் நான் சாப்பிடுவதைப் பார்த்துத் தினமும் கண் கலங்குகிறார். என் கணவர் ஒன்றும் சொல்வதில்லை. அவர் ஹைஸ்கூல் கணக்கு ஆசிரியர், வீட்டில் பேச்சு குறைவு.

என்ன தப்புச் செய்கிறேன் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். சர்க்கரை இப்படியே இருந்தால் கண்ணையோ காலையோ வாங்கிக்கொண்டுதான் போகும் என்று சொன்னீர்கள். அது மறக்கவில்லை.

இப்படிக்கு,
வத்ஸலா சௌரிராஜன்


துறையூர்,
19-2-1963

வத்ஸலா அம்மாவுக்கு,

இங்கே பிரசவம், பாம்புக்கடி, களத்தில் மாடு மிதித்த கால், எல்லாவற்றுக்கும் நான் ஒருத்திதான். அதனால் சுருக்கமாக எழுதுகிறேன், கோபம் என்று நினைக்க வேண்டாம்.

உங்கள் கடிதம் வந்த அன்று பவுனம்மாள் என்று ஒருத்தி வந்தாள். காற்றடித்தால் விழுந்துவிடுவாள், அப்படி ஓர் உடம்பு. "உடம்பு ஏற ஒரு ஊசி போடுங்கம்மா" என்றாள். "ஸ்ரீரங்கத்துல ஒருத்தங்க இறங்க மாட்டேங்குதேன்னு எனக்குக் கடுதாசி போட்டிருக்காங்க. ரெண்டு பேரும் பேசி ஒரு முடிவுக்கு வாங்க" என்றேன். சிரிக்கவில்லை. "அவங்களுக்குச் சோறு கிடைக்குது போல" என்றாள்.

அவள் சொன்னதுதான் வைத்தியம். எடை காற்றிலிருந்து ஏறாது. ஒரு சாதாரண நாளில் எழுந்ததிலிருந்து படுக்கும் வரை உங்கள் வாய்க்குள் போவதை எல்லாம் எழுதி அனுப்புங்கள். வாய் கொப்பளித்த தண்ணீரை மட்டும் விட்டுவிடலாம்.

பிரதட்சிணம் என்கிறீர்களே, காலில் செருப்பு உண்டா?

லூர்துராணி


ஸ்ரீரங்கம்,
26-2-1963

டாக்டர் அவர்களுக்கு,

நமஸ்காரம். பெருமாள் வீதியைச் சுற்றும்போது செருப்பு எப்படிப் போட முடியும்? அதை மட்டும் கேட்காதீர்கள்.

நேற்றைய நாளை எழுதுகிறேன். காலை, சர்க்கரை இல்லாத காப்பி ஒரு டம்ளர். மாமியாருக்கும் அவருக்கும் இட்லி வார்த்தேன், நான் தொடவில்லை. பத்து மணிக்குள் பெருமாளுக்கு அமுது செய்வித்து, அவர் சாப்பிட்டு ஸ்கூலுக்குப் போனார். பிறகு மாமியார். பிறகு நான்: நீங்கள் காட்டிய கரண்டியால் இரண்டு கரண்டி சாதம், சாத்துமது, கீரை, நீர்மோர். சாத்துமது என்றால் ரசம், உங்களுக்குத் தெரியும். அப்பளம் இல்லை. அதற்குப் பிறகு அக்கா சாதத்தைச் சாப்பிட்டுவிட்டு, பாத்திரங்களை ஒழித்துப் போட்டு, கொஞ்சம் படித்தேன். மூன்று மணிக்கு மறுபடி காப்பி, சர்க்கரை இல்லாமல். இரவு கோதுமைக் கஞ்சி. அவ்வளவுதான்.

இதில் எங்கே இரண்டு பவுண்டு ஒளிந்திருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை.

வத்ஸலா சௌரிராஜன்


துறையூர்,
3-3-1963

வத்ஸலா அம்மாவுக்கு,

'அக்கா சாதம்' என்றால் என்ன?

லூர்துராணி


ஸ்ரீரங்கம்,
12-3-1963

டாக்டர் அவர்களுக்கு,

நீங்கள் கேட்ட பிறகுதான் அதை ஒரு சாப்பாடு என்று நினைத்துப் பார்த்தேன். இருபது வருஷமாக எனக்கு அது விளக்கேற்றுவது, கதவைத் தாழிடுவது மாதிரி ஒரு வேலை.

மரகதவல்லி என் அக்கா. இரண்டு வயது மூத்தவள். அவளைத்தான் முதலில் இவருக்குக் கொடுத்தார்கள். 1941இல் பத்மாசனியைப் பெற்றெடுத்ததும் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. பிரசவம் பார்த்தவள் பத்தியம் என்றாள். அன்னம் கூடவே கூடாது, மிளகு போட்ட வெந்நீர் மட்டும் கொடுங்கள் என்றாள். அக்கா சாதம் கேட்டாள். கொடுக்கவில்லை. மறுநாளும் கேட்டாள். மூன்றாம் நாள் கேட்டுக்கொண்டிருக்கும்போதே போய்விட்டாள். நான் அப்போது திருச்சியில் பி.ஏ. கடைசி வருஷம். ஹாஸ்டலுக்கு ஆள் வந்து சொல்லி, நான் வந்து சேர்ந்தபோது தொட்டிலில் குழந்தை மட்டும்தான் இருந்தது. வேறு வீட்டுப் பெண் வந்தால் இதை வளர்ப்பாளா என்று பெரியவர்கள் கூடிப் பேசி, அடுத்த தை மாதம் என்னை அத்திம்பேருக்கே கல்யாணம் செய்து வைத்தார்கள்.

எனக்கு உண்டான குழந்தை ஏழாம் மாதத்தில் வயிற்றிலேயே போயிற்று. அந்த வாரம் மாமியார் ஒரு கனவு கண்டார். அடுப்பங்கரை வாசற்படியில் மரகதம் நின்றுகொண்டு, 'பசிக்கறதும்மா' என்றாளாம். அன்றிலிருந்து ஒரு வெண்கலக் கிண்ணத்தில் அவளுக்கென்று எடுத்து வைக்கிறோம். சாதம், மேலே நெய், வெல்லம், கனிந்த வாழைப்பழம். தித்திப்பு என்றால் அவளுக்கு உயிர். எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகு அதை நான் சாப்பிட வேண்டும். "ரெண்டு பேரும் ஒரு வயித்துல பொறந்தவா. நீ சாப்ட்டா அவ சாப்ட்டாப்ல" என்றார் மாமியார். எங்கள் சம்பிரதாயத்தில் இப்படி ஒரு வழக்கம் கிடையாது. அது இவருக்கும் தெரியும். இவர் தடுக்கவும் இல்லை, சரி என்று சொல்லவும் இல்லை.

அந்தக் கிண்ணத்தைக் காலி செய்யும்போது நான் வாசற்படிப் பக்கம் திரும்புவதில்லை. அங்கே யாரும் இல்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் திரும்ப மாட்டேன்.

நான் எதையும் உங்களிடம் மறைக்கவில்லை, டாக்டர். அது அவளுடைய சாப்பாடு. என் சாப்பாட்டோடு அதை எப்படிச் சேர்ப்பேன்?

வத்ஸலா சௌரிராஜன்


துறையூர்,
20-3-1963

வத்ஸலா அம்மாவுக்கு,

கிண்ணம் எவ்வளவு பெரியது என்று நீங்கள் எழுதவில்லை. பரவாயில்லை, எடை மெஷின் எழுதிவிட்டது.

இறந்தவர்களுக்குச் சர்க்கரை வியாதி வராது. உங்களுக்கு வந்திருக்கிறது. தினமும் வெல்லமும் பழமும் நெய்யும் கலந்து ஒரு கிண்ணம் உள்ளே போனால், காப்பியில் சர்க்கரையை நிறுத்தி என்ன, கோவிலைச் சுற்றி என்ன? இருபது வருஷமாக ஒரு பிணத்துக்கு உங்கள் வயிற்றை வாடகைக்கு விட்டிருக்கிறீர்கள். பட்டம் வாங்கிய பெண் செய்கிற காரியமா இது? நாளையிலிருந்து நிறுத்துங்கள். டாக்டர் சொன்னார் என்று மாமியாரிடம் சொல்லுங்கள்.

லூர்துராணி


ஸ்ரீரங்கம்,
28-3-1963

டாக்டர் அவர்களுக்கு,

அவள் பெயர் மரகதவல்லி.

பத்மாசனிக்கு இது நான்காம் மாதம். அக்கா பெற்றுப்போட்டுவிட்டுப் போன குழந்தை, என் கையில் வளர்ந்தவள். அவளை அக்காவின் வயதில், அக்கா இருந்த வீட்டுக்கே பிரசவத்துக்கு அழைத்து வரப்போகிறோம். இந்தச் சமயத்தில் கிண்ணத்தை நிறுத்து என்று சொல்கிற டாக்டர் எனக்கு வேண்டாம்.

வலது கால் சுண்டுவிரல் ஓரத்தில் ஒரு கொப்புளம் வந்திருக்கிறது. அதற்குக் களிம்பு கேட்டு எழுத நினைத்திருந்தேன். இங்கேயே பார்த்துக்கொள்கிறேன். இதுவரை செய்ததற்கு நன்றி.

வத்ஸலா சௌரிராஜன்


துறையூர்,
11-6-1963

வத்ஸலா அம்மாவுக்கு,

மார்ச்சுக்குப் பிறகு இது மூன்றாவது கடிதம். முதல் இரண்டுக்கும் பதில் இல்லை. இதையும் கிழித்துப் போடுவதாக இருந்தால், கடைசி வரியை மட்டும் படித்துவிட்டுக் கிழியுங்கள்.

என் அம்மா திருச்சிக் கல்லறையில் இருக்கிறார். நவம்பர் இரண்டாம் தேதி, கல்லறைத் திருநாளுக்கு, எங்கே இருந்தாலும் வந்து மெழுகுவத்தி ஏற்றுவேன். ஏற்றிவிட்டு அந்த வருஷத்துச் செய்திகளை எல்லாம் அவரிடம் சொல்வேன். எந்த ஊருக்கு மாற்றல், யார் உயிர் பிழைத்தார்கள், யார் போய்விட்டார்கள் என்று. கல்லறைக் காவலர் தைரியராஜ், "என்ன டாக்டர், அம்மா பதில் சொல்றாங்களா?" என்று கேலி செய்வார். "நீங்க குறுக்க பேசினா எப்படிக் கேக்கும்?" என்பேன். இப்படிப்பட்ட நான் உங்கள் பட்டத்தைச் சொல்லிக் காட்டினேன். 'பிணம்' என்ற அந்த ஒரு சொல்லை எழுதியதற்கு உங்களிடமும் மரகதவல்லி அம்மாவிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

கிண்ணம் வையுங்கள். நான் இனித் தடுக்கவில்லை. வைப்பது வேறு, அதை நீங்கள் சாப்பிடுவது வேறு. இதை மட்டும் யோசியுங்கள்.

கொப்புளம் ஆறிவிட்டதா? ஆறாமல் ஓரம் கறுத்திருந்தால் இன்றே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

லூர்துராணி


ஸ்ரீரங்கம்,
10-9-1963

டாக்டர் அவர்களுக்கு,

நமஸ்காரம். மூன்று மாதம் கழித்து எழுதுகிறேன். எல்லாம் ஒரு கரைக்கு வந்த பிறகு எழுதலாம் என்றிருந்தேன்.

உங்கள் கடைசி வரியைப் படித்த அன்றே ஆஸ்பத்திரிக்குப் போனேன். விரலை எடுக்க வேண்டி வரலாம், ஒரு மாதம் பார்க்கலாம் என்றார்கள். திரும்பி வருகிற பஸ்ஸில் என் காலையே பார்த்துக்கொண்டு வந்தேன். மறுநாள் வழக்கம்போலக் கிண்ணத்தில் எடுத்து வைத்தேன். எல்லோரும் சாப்பிட்ட பிறகு, அடுப்பங்கரைக் கதவைச் சாத்திக்கொண்டு, சாதத்தை ஒரு தூக்குப் பாத்திரத்தில் கவிழ்த்து மூடி வைத்தேன். அடுத்த நாள் விடியலில் அம்மா மண்டபம் படித்துறையில் மீன்களுக்குப் போட்டேன். தண்ணீர் கொதிக்கிறாற்போல மீன்கள் வந்து மொய்த்தன. அன்று முதல் சித்திரை வீதிக்குப் பதில் ஆற்றங்கரைதான். அங்கே செருப்புப் போட்டுக்கொள்ளலாம். விரல் பிழைத்துவிட்டது.

மாமியாருக்கு இது தெரியாது. கிண்ணம் கழுவிக் கவிழ்த்திருந்தால் அவருக்குப் போதும்.

ஆவணி மாதம் பத்மாவுக்கு வலி எடுத்தது. அவள் அலறிய ஒவ்வொரு அலறலுக்கும், மீனுக்குப் போன கிண்ணங்களை யாரோ எனக்குள் ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருந்தார்கள். பெண் குழந்தை பிறந்தது. தாயும் சேயும் சௌக்கியம்.

இரண்டாம் நாள் பத்மா, "பாட்டி, பசிக்கறது. சாதம் போடேன்" என்றாள். மாமியார் சுவரைத் தடவிக்கொண்டே எழுந்து அடுப்பங்கரைக்குப் போனார். அவருக்குக் கண்ணில் புரை. நான் உதவப் போனேன். "நீ சும்மா இரு. பசிக்கறதுன்னு கேட்டா போடணும். அதுக்கு மேல எனக்கு ஒண்ணும் தெரிய வேண்டாம்" என்றார். சாதத்தில் சாத்துமதும் நெய்யும் விட்டுக் குழையப் பிசைந்து, கவளம் கவளமாக அவரே ஊட்டினார். பத்மா, "போதும் பாட்டி, மூச்சு முட்டறது" என்று சிரிக்கிற வரை விடவில்லை.

சாயங்காலம் என்னைக் கூப்பிட்டு, "அந்தக் கிண்ணத்தை வேணும்னா எடுத்து உள்ள வெச்சுடுடி" என்றார். நான் பதில் சொல்வதற்குள் கூடத்திலிருந்து இவர், "இருக்கட்டும்" என்றார். இத்தனை வருஷத்தில் அந்தக் கிண்ணத்தைப் பற்றி இவர் பேசிய முதல் வார்த்தை அது.

எடை நூற்று அறுபத்து மூன்று. நீல மருந்து பச்சையோடு நின்றுவிடுகிறது.

வத்ஸலா சௌரிராஜன்


துறையூர்,
16-9-1963

வத்ஸலா அம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு நர்ஸுகளுக்கெல்லாம் காப்பி வாங்கிக் கொடுத்தேன். ஏன் என்று கேட்டார்கள். "ஸ்ரீரங்கத்துல ஒரு விரல் பொழச்சுருக்கு" என்றேன். காவிரி மீனுக்குச் சர்க்கரை வியாதி வந்தால் என்னிடம் அனுப்புங்கள், பார்க்கிறேன்.

இனிமேல்தான் கஷ்டம். உடம்புக்கு என்ன, முகம் வாடிவிட்டதே, புருஷன் சாப்பாடு போடவில்லையா என்றெல்லாம் ஊர் கேட்கும். ஒன்றையும் காதில் வாங்காதீர்கள். இன்னும் இருபது பவுண்டு இறங்க வேண்டும். அவசரமில்லை.

லூர்துராணி


ஸ்ரீரங்கம்,
20-11-1963

டாக்டர் அவர்களுக்கு,

ஊர் ஒன்றும் கேட்கவில்லை. என் வீடுதான் கேட்கிறது.

கன்னத்துச் சதை வடிந்ததும் உள்ளேயிருந்து அக்கா வந்துவிட்டாள். அதே மேட்டுக் கன்ன எலும்பு, அதே குழிந்த மோவாய். நாங்கள் இவ்வளவு ஒரே சாயல் என்று எனக்கே தெரியாது. அவள் உயிரோடு இருந்தவரை நான் சின்னப் பெண், அவள் போன பிறகு நான் குண்டு. இரண்டு முகமும் சந்தித்ததே இல்லை. விளக்கேற்றப் போனால் மாமியார், "மரகதமா?" என்கிறார். "இல்லைம்மா, நான்தான்" என்றால், "அதான், நீதான்" என்கிறார். பத்மா ஒரு நாள் தன் அம்மாவின் போட்டோவை என் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, என் தோளில் சாய்ந்துகொண்டாள். அவளுக்குத் தன் அம்மாவைப் பார்த்த ஞாபகமே கிடையாது. அவளை விலக்க எனக்கு மனசு வரவில்லை.

இவர் என்னை நிமிர்ந்து பார்க்க ஆரம்பித்தார். பேப்பருக்கு மேலாக, கதவு இடுக்கில், நான் துணி உலர்த்தும்போது. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பிட்டு முடித்தும் எழுந்து போகவில்லை. நான் என் இலையில் உட்காரும் வரை காத்திருந்தார். பிறகு அவரே கரண்டியை எடுத்துச் சாதம் போட்டார். மேலே வெல்லம் தூவினார். இருபத்தோரு வருஷத்தில் அவர் கரண்டியைத் தொட்டு நான் பார்த்ததில்லை.

"போதும். டாக்டர் சொல்லியிருக்கா" என்றேன்.

"இன்னிக்கு ஒரு நாள்."

"ஒரு நாள்னாலும் எனக்கு ஆகாது."

"கொஞ்சம்தான். சாப்பிடு, மரகதம்."

அவர் என்ன சொன்னார் என்பது அவர் காதிலேயே விழவில்லை. நான் சாப்பிட்டேன். தித்தித்தது.

அதற்குப் பிறகு தினமும் ஏதாவது வாங்கி வருகிறார். மலைக்கோட்டைப் பக்கம் போனால் பால்கோவா. மறுநாள் அல்வா. ஒரு நாள் மல்லிகைச் சரம். எனக்கு அவர் பூ வாங்கி வந்ததே கிடையாது. பக்கத்தில் உட்கார்ந்து, நான் சாப்பிட்டு முடிக்கிற வரை பார்க்கிறார். முடித்தால் அவர் முகத்தில் ஒரு நிம்மதி. அதைக் கெடுக்க எனக்கு வாய் வரவில்லை. எடை மறுபடி ஏழு பவுண்டு ஏறியிருக்கிறது. நீல மருந்து இன்று காலை ஆரஞ்சு நிறமாக வந்தது. விரலில் மறுபடி மதமதப்பு.

வெட்கமான ஒன்றையும் எழுதிவிடுகிறேன். நேற்று அவர் கூடத்திலிருந்து, "மரகதம்" என்று கூப்பிட்டார். நான், "என்ன?" என்று திரும்பினேன்.

குண்டாக இருந்தால் நான் வத்ஸலா. அவர் பேப்பருக்குப் பின்னால் போய்விடுவார். மெலிந்தால் நான் அக்கா. அவர் ஊட்டுவதைச் சாப்பிட்டாக வேண்டும். சாப்பிட்டால் எனக்குக் கால் இருக்காது. சாப்பிடாவிட்டால் இந்த வீட்டில் அவளை இரண்டாம் தரம் பட்டினி போட்டவள் நானாக இருப்பேன். இதற்கு உங்களிடம் மருந்து உண்டா?

வத்ஸலா


துறையூர்,
27-11-1963

வத்ஸலா அம்மாவுக்கு,

ஆரஞ்சு என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்குப் பயமாக இருக்கிறது, அதை மறைக்கப் போவதில்லை. விரலுக்கு இரண்டாம் தடவை அதிர்ஷ்டம் வாய்க்காது. ஆஸ்பத்திரிக்கு ஒரு சீட்டு எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன்.

உடம்பை எப்படி இறக்குவது என்று எனக்குத் தெரியும். முகத்தை என்ன செய்வது என்று எந்தக் காலேஜிலும் எனக்குச் சொல்லித் தரவில்லை. மெலிந்த முகம் உங்களுடையது என்று நான் இங்கிருந்து எழுதினால், அதைப் படிக்கும்போது உங்கள் கண் முன்னால் அவர் கரண்டியோடு உட்கார்ந்திருப்பார்.

அதனால் ஒரு கேள்வி மட்டும் கேட்கிறேன். அந்த மூன்று நாளும் அக்கா சாதம் கேட்டாரே, அப்போது உங்கள் வீட்டுக்காரர் எங்கே இருந்தார்?

லூர்துராணி


ஸ்ரீரங்கம்,
14-12-1963

டாக்டர் அவர்களுக்கு,

நமஸ்காரம். உங்கள் கேள்வியை நான் இத்தனை வருஷத்தில் ஒரு தடவையும் கேட்டதில்லை. எனக்கே ஆச்சரியமாக இருக்கிறது. அந்த அறையை நினைக்கும்போதெல்லாம் அதில் அக்கா இருப்பாள், மாமியார் இருப்பார், பிரசவம் பார்த்தவள் இருப்பாள். இவரை அங்கே நான் வைத்துப் பார்த்ததே இல்லை.

நேற்று மாமியாருக்கு எண்ணெய் தேய்க்கும்போது கேட்டேன். அவர் சொன்னார்.

"வாசல் ரேழிலதான் உட்கார்ந்திருந்தான். எங்க போவான்? அவ கேக்கறது அவன் காதுல விழாம இருக்குமா? மூணாம் நாள் என்கிட்ட வந்து, 'கொஞ்சூண்டு குடுத்தா என்னம்மா'ன்னான். 'ஆம்பளைக்கு இதெல்லாம் என்ன தெரியும், நீ போ'ன்னேன். போயிட்டான்."

"எங்கே போனார்?"

"ஸ்கூலுக்கு. சட்டையை மாட்டிண்டு போய்ப் பாடம் நடத்தினான். வந்து பார்த்தா எல்லாம் முடிஞ்சுபோச்சு."

"அழுதாரா அம்மா?"

"அவனா? கொள்ளி வெக்கறப்பக்கூட அவன் கண்ணுல சொட்டு ஜலம் இல்லை. எனக்கு அதான் பயமாப் போச்சு."

எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுப் பின்கட்டுக்குப் போனேன். இவர் அம்மாவிடம் சாதம் கேட்க ஒரு பத்மா கிடைத்தாள். பசிக்கிறது என்று கேட்டாள், பிசைந்து போட்டார், முடிந்தது. இவருக்கு யாரும் கிடைக்கவில்லை, என் முகத்தைத் தவிர. அதற்கு எவ்வளவு போட்டாலும் போதாது. ஏனென்றால் கேட்டவள் நான் இல்லை. இத்தனை வருஷம் அந்தக் கிண்ணத்தை நான் காலி செய்ததனால், அது ஒரு நாளும் இவர் முன்னால் நிறைந்து நிற்கவில்லை. இவர் சாப்பிட்டுவிட்டு ஸ்கூலுக்குப் போய்விடுவார். நான் கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிட்டேன். பிறகு கதவைச் சாத்திக்கொண்டு மீனுக்குக் கட்டினேன்.

ஆஸ்பத்திரிச் சீட்டு பத்திரமாக இருக்கிறது. செவ்வாய்க்கிழமை போகிறேன்.

நாளை ஞாயிற்றுக்கிழமை. பதினொரு மணிக்கு எல்லோரும் சாப்பிட உட்காருவோம். பெருமாளுக்கு அமுது செய்வித்த பிறகு கிண்ணத்தில் சாதமும் நெய்யும் வெல்லமும் பழமும் எப்போதும் போல எடுத்து வைப்பேன். அவர் என்னைப் பார்த்து, "சாப்பிடு" என்பார். நான் அந்தக் கிண்ணத்தை எடுத்து, அவர் இலையில், சாத்துமது சாதத்துக்குப் பக்கத்தில் கவிழ்த்துவிடப் போகிறேன். "இது அக்கா சாதம். இதை நீங்கதான் சாப்பிடணும்" என்று சொல்லப் போகிறேன். சொல்லிவிட்டு எழுந்து போகாமல், எதிரில் உட்கார்ந்து என் கஞ்சியைக் குடிக்கப் போகிறேன். அவர் பாதி இலையில் எழுந்துவிடலாம். என்னைத் திட்டலாம். மறுபடி பேப்பருக்குப் பின்னால் போய், இனி என்னைத் திரும்பியே பார்க்காமலும் இருக்கலாம். அதையும் யோசித்துவிட்டேன்.

மாமியாரிடம் சொல்லவில்லை. பத்மாவிடமும் சொல்லவில்லை. இந்தக் கடிதத்தைக்கூட நாளை மத்தியானத்துக்குப் பிறகுதான் தபாலில் போடுவேன்.

வத்ஸலா